மாமியார் அறைக்கு எந்த வெளிர் பச்சை?

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் புதிதாகக் கிடைத்த நான்கறை வீட்டில் மாமியார் தங்கப்போகும் அறைக்கு இரண்டு வெளிர் பச்சைகளை எடுத்து வைத்திருக்கிறீர்கள். நீலத்தின் பக்கம் சாய்ந்த புதினாப் பச்சை உங்கள் கணவர் விரும்பியது. சாம்பல் சற்றே கலந்த பச்சை நீங்கள் விரும்பியது. கடை அட்டையில் ஒட்டி வைத்தால் வேறுபாடு தெரிகிறது, தள்ளி வைத்தால் தெரியவில்லை, தீபாவளிக்குள் பூசி முடித்தாக வேண்டும், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தபோது அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பது தெரிந்தது. இந்த வேறுபாடு சுவரில் ஏறியபின் கண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தால் இரண்டில் எது நாளடைவில் உறுத்தும்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

சாயத் தொழிற்சாலை ஒன்றின் நிறக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். வாடிக்கையாளர் கொண்டுவருவது ஓட்டுத் துண்டோ, துணியோ, பழைய கதவிலிருந்து பெயர்ந்த சில்லோ, அதற்கு நிகரான நிறத்தைக் கலந்து கொடுப்பதே வேலை. அங்கே இரண்டு நிறங்களை எப்படி ஒப்பிடுவோம் என்று சொன்னால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக அச்சிட்ட அட்டையில் இரண்டு சாயங்களையும் அடுத்தடுத்து ஊற்றி, உலோகச் சட்டம் ஒன்றால் ஒரே இழுப்பில் மெல்லிய படலமாக இழுப்போம். காய்ந்தபின், உட்புறம் சாம்பல் பூசிய வெளிச்சப் பெட்டிக்குள் அட்டையை வைத்து விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்ப்போம். இரண்டு படலங்களும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். நடுவே நூலளவு வெள்ளைக் கோடு தெரிந்தாலும் போதும், முன்பு பளிச்சென்று தெரிந்த வேறுபாடு மங்கிவிடும்.

நிற வேறுபாட்டை எண்ணால் அளப்பதற்கு 1976இல் வகுக்கப்பட்ட அனைத்துலக அளவுமுறை ஒன்று இருக்கிறது. இரண்டு படலங்களை ஒட்டி வைத்தால், அந்த அளவில் ஒன்றிரண்டு அலகு வேறுபாட்டைக்கூடப் பழகிய கண் பிடித்துவிடும். அதே இரண்டையும் வெவ்வேறு அறைகளில் பூசிவிட்டு, ஒன்றைப் பார்த்த பிறகு மற்றொன்றுக்கு நடந்துபோகச் சொன்னால், அதைப்போலப் பல மடங்கு வேறுபாடுகூடத் தப்பிவிடும். நிறத்தை நினைவில் துல்லியமாக வைத்துக்கொள்ளும் திறன் மனிதக் கண்ணுக்குக் குறைவு. மாமியார் அறையில் இந்த இரண்டு பச்சைகளும் ஒருபோதும் ஒட்டிக்கொண்டு நிற்கப்போவதில்லை. ஒன்று சுவரேறும், மற்றொன்று கடையிலேயே தங்கிவிடும். ஆகவே இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே அந்த அறையின் வெளிச்சத்தோடும் தரையோடும் விளக்கோடும் பொருத்திப் பாருங்கள். தேர்வு அங்கேதான் நடக்க வேண்டும்.

இரண்டு அட்டைகளிலும் எல்ஆர்வி என்று 74, 71 போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. மூன்று புள்ளி வேறுபாட்டால் அறை இருண்டுவிடாது, திரைச்சீலையை ஒரு கையகலம் தள்ளினால் அதைவிட அதிக வெளிச்சம் உள்ளே வரும். அந்த எண்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. நான்கு சுவர்களிலும் ஒரே நிறம் ஏறும்போது, ஒரு சுவரில் பட்ட ஒளி அடுத்த சுவருக்குத் தாவி, அங்கிருந்து மீண்டும் திரும்பி வருகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு வெளிர் பச்சைச் சாயம் பச்சை ஒளியில் 78 விழுக்காட்டையும் சிவப்பு ஒளியில் 64 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முதல் முறை பட்டு வரும்போது பச்சை, சிவப்பைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு கூடுதல். இரண்டாம் முறை பட்டு வரும்போது அது கிட்டத்தட்ட 1.5 மடங்கு. மூலைகளில் இது இன்னும் கூடும். அட்டையில் இருக்கிறதோ இல்லையோ என்று தோன்றிய நிறம் அறை முழுக்கப் பூசியதும் பச்சைப்பசேலென்று எழுந்து நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். கடைக்காரர் தவறான டின்னைக் கொடுத்துவிட்டார் என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்குப் போவதுண்டு. பெரும்பாலும் டின்னில் தவறு இருக்காது. வெளிர் நிறங்களில் எதை எடுப்பது என்ற ஐயம் வரும்போதெல்லாம் சாம்பல் கலந்ததை எடுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். அறை தானாகவே நிறத்தைக் கூட்டிக்கொள்ளும், நாமும் சேர்ந்து கூட்ட வேண்டியதில்லை.

பக்கத்தில் இருப்பதைப் பொறுத்தும் நிறம் மாறித் தெரியும். பாரிஸ் நகரின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மிஷேல் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூலுக்குப் போதிய கறுப்பு இல்லை என்று ஒரு புகார் வந்தது. சாயத்தில் குறை ஏதுமில்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்கின்றன என்று அவர் கண்டறிந்து, 1839இல் விரிவாக எழுதி வெளியிட்டார். உங்கள் அறையில் செம்பழுப்பு வினைல் தரை போட்டிருக்கிறீர்கள். சிவப்பின் பக்கம் சாய்ந்த தரை, தன் அருகே நிற்கும் எந்தப் பச்சையையும் மேலும் பச்சையாகக் காட்டும். அதே நேரத்தில், வெயில் தரையில் விழும்போது அங்கிருந்து எழும் செந்நிற ஒளி சுவரின் அடிப்பகுதியில் பட்டு அந்த இடத்துப் பச்சையைச் சற்று மழுக்கும். இரண்டு விளைவுகளும் ஒரே சுவரில் நடப்பதால் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் வேறு வேறு நிறம்போலத் தெரியலாம். பூசியவர் மேல் பழி போடாதீர்கள்.

அறை மேற்குப் பார்த்தது என்கிறீர்கள். திசையைப் பற்றி வெளிநாட்டு இதழ்களில் படித்ததை இங்கே அப்படியே பொருத்த முடியாது. வடக்குப் பார்த்த அறைக்கு வெயிலே வராது, ஆகவே சூடான நிறம் பூசுங்கள் என்பது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.3 பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் மாதத்தில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே. வடக்குச் சன்னலுக்கும் தெற்குச் சன்னலுக்கும் ஆண்டில் பாதி பாதி என்றுதான் சொல்ல வேண்டும். மேற்குச் சன்னலுக்கோ ஆண்டு முழுவதும் பிற்பகல் வெயில் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கடிகாரம் 1982இலிருந்து உலக நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுவதால், சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒரு மணிக்கு. உங்கள் அறையில் நேர் வெயில் இறங்கத் தொடங்குவது பிற்பகலில், அது ஏழு மணிக்குச் சூரியன் மறையும்வரை நீளும்.

காலையில் அந்த அறைக்கு வெயில் இல்லை என்றாலும் வெளிச்சம் இரண்டு வழியாக வரும். ஒன்று வானம். மற்றொன்று எதிர் புளோக். உங்கள் சன்னலைப் பார்த்து நிற்கும் அதன் சுவர் கிழக்குப் பார்த்தது, ஆகவே காலை வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழும். அந்தச் சுவரில் செங்கல் நிறப் பட்டை இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். காலை நேரத்தில் அந்தச் செம்மை உங்கள் அறைக்குள் வந்து போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நகர மன்றம் புளோக்குகளுக்குப் புதுச் சாயம் பூசும்போது அதுவும் மாறிவிடும். உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காக மிகத் துல்லியமாகத் திட்டமிட முடியாது. எந்த வெளிச்சத்திலும் தடுமாறாத நிறமாகப் பார்த்து எடுப்பதே புத்திசாலித்தனம்.

இங்கே இரண்டு பச்சைகளுக்கும் தனித்தனி ஆபத்து இருக்கிறது. மாலை ஐந்தரை மணி வெயிலில் மஞ்சளும் செம்மையும் மிகுதி. அந்த வெளிச்சத்தில் நீலம் கலந்த புதினாப் பச்சை அமைதியாகிவிடும், அழகாகவே இருக்கும். சாம்பல் பச்சை காய்ந்த இலையின் மஞ்சள் பக்கம் சாய வாய்ப்பு உண்டு. இரவில் கூரை விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழ். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலரும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கைத்தான் மாட்டுகிறார்கள், நீங்களும் அதையே வாங்கியிருக்கிறீர்கள். கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்துக்கான அளவு, எண் கூடக் கூட ஒளி நீலத்தின் பக்கம் சாயும். 6500இல் நீல ஒளி மிகுதி. புதினாப் பச்சை அந்த விளக்கில் குளிர்ந்துபோய் மருத்துவமனை வார்டின் சாயலுக்கு வரும். சாம்பல் பச்சை தன் நிலையிலேயே நிற்கும். வயதானவர் அறையில் மாலை வெயிலைவிட விளக்கு எரியும் நேரம்தான் நீளம் என்பதால், இதற்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

விளக்கை மாற்ற முடியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 4000 கெல்வின் விளக்கு மாட்டினாலே புதினாவின் குளிர்ச்சி பெரும்பாலும் அடங்கிவிடும். 3000 கெல்வினில் இரண்டு பச்சைகளும் மஞ்சளுக்குச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கிவிடும். மூன்று வித ஒளிக்கு மாறும் கூரை விளக்குகள் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 80 என்பது சாதாரணம், 90க்கு மேல் இருந்தால் நல்லது. விளக்கை மாற்றுவது அறையை மறுபடி பூசுவதைவிடப் பலமடங்கு மலிவு. கணவரும் நீங்களும் நிறத்தில் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் விளக்கில் ஒத்துப்போங்கள்.

இனி, இதுவரை யாரும் உங்களிடம் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். மாமியாருக்கு வயது எழுபத்து நான்கு என்று எழுதியிருந்தீர்கள். கண்புரை அறுவை சிகிச்சை ஆகிவிட்டதா? வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. மொத்த வெளிச்சம் குறைவாகவே உள்ளே போகிறது, அதிலும் நீல ஒளி மிகக் குறைவாகப் போகிறது. மூளை இதை ஓரளவு ஈடுசெய்துகொள்வதால் அவர்களுக்கு உலகமே மஞ்சளாகத் தெரிவதில்லை. ஆனால் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன் குறைந்துவிடுகிறது. நீங்களும் கணவரும் வாதாடிக்கொண்டிருக்கும் வேறுபாடு சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. அறுவை சிகிச்சை ஆகாதவர் என்றால், அந்த அறையில் வாழப்போகிறவருக்கே இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆகிவிட்டது என்றால் கதை வேறு. மஞ்சளான வில்லை போய்ச் செயற்கை வில்லை வந்தபின் நீலம் திடீரென்று பளிச்சென்று தெரிவதாகப் பலர் சொல்வார்கள். அவருக்குப் புதினாப் பச்சை நாம் பார்ப்பதைவிட நீலமாகத் தெரிந்தாலும் வியப்பில்லை. எப்படியானாலும் சுவருக்கும் கதவு நிலைக்கும் சுவிட்சுக்கும் இடையே நல்ல வெளிச்ச வேறுபாடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் எழுந்து கழிவறைக்குப் போகிறவருக்கு வெளிர் சுவரில் வெள்ளைச் சுவிட்ச் தெரியாது. எந்தப் பச்சை என்பதைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

சோதித்துப் பார்க்கும் முறை இதுதான். இரண்டு நிறங்களிலும் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய டின்னை வாங்குங்கள். சுவரில் கட்டம் கட்டமாகப் பூசாதீர்கள், சுற்றியிருக்கும் வெள்ளை உங்களை ஏமாற்றும். எழுதுபொருள் கடையில் பெரிய அட்டைகள் இரண்டு வாங்கி, ஓரத்தில் வெள்ளை தெரியாதபடி முழுவதும் ரோலரால் இரண்டு பூச்சு பூசுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈர எமல்ஷனில் இருக்கும் பால் போன்ற வெண்மை காய்ந்தபின் மறைந்துவிடுவதால் நிறம் சற்று அழுத்தமாகும், ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. காய்ந்ததும் அட்டையை நடுவில் மடித்து, திறந்த புத்தகத்தைப்போல அறை மூலையில் நிமிர்த்தி வையுங்கள். மடிப்பின் உட்புறத்தைப் பாருங்கள். இரண்டு பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஒளி வீசிக்கொள்ளும் அந்த இடத்தில் தெரியும் நிறம்தான் முடிந்த அறையின் நிறத்துக்கு மிக நெருக்கமானது. மேசையில் படுக்கப்போட்டுப் பார்ப்பதில் பயனில்லை, படுத்திருக்கும் அட்டைமேல் விழும் ஒளி வேறு, நிற்கும் சுவர்மேல் விழும் ஒளி வேறு.

முதல் நாள் ஒரு அட்டை மட்டும் அறையில் இருக்கட்டும். மற்றது வேறு அறையில், கண்ணில் படாமல் இருக்க வேண்டும். காலை ஒன்பது, பிற்பகல் ஒன்று, மாலை ஐந்தரை, இரவு எட்டு என நான்கு வேளைகளில் அறைக்குள் போய், இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகுவதற்காகத்தான் அந்த இரண்டு நிமிடம். மனதில் பட்டதை ஒரு சொல்லில் எழுதி வையுங்கள். மறுநாள் மற்ற அட்டை. மாமியாரையும் ஒருமுறை அழைத்து வந்து காட்டுங்கள். எது பிடிக்கிறது என்று கேட்க வேண்டாம், பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று இரண்டுமே நன்றாக இருக்கிறது என்பார். இது என்ன நிறம் என்று கேளுங்கள். ஒன்றைப் பச்சை என்றும் மற்றதை நீலம் என்றும் அவர் சொன்னால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இதுவரை சொன்னவற்றில் ஒளி பற்றியதும் சாயம் பற்றியதும் உறுதியானவை. பச்சை மனதை அமைதிப்படுத்தும், நல்ல தூக்கம் தரும் என்று விளம்பரங்களில் வருவதை அந்த அளவுக்கு உறுதியானதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே நிறத்தின் இரண்டு சாயல்களில் ஒன்று தூக்கம் தரும், மற்றது தராது என்று யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம். நீங்கள் அனுப்பிய கைப்பேசிப் படங்களை வைத்தும் என்னால் முடிவு சொல்ல முடியாது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெண்மையைத் தானே சரிசெய்துகொள்ளும், நீங்கள் தேடும் வேறுபாட்டைத்தான் அது முதலில் அழித்துவிடும்.

சாயம் பூசுபவர் தன்னிடம் உள்ள வேறு நிறுவனச் சாயத்தில் அதே நிறத்தைக் கலந்து தருவதாகச் சொன்னாராம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேறு நிறமிகளைக் கொண்டு கலந்த சாயம் கடை விளக்கில் அச்சாகப் பொருந்தியிருக்கும், உங்கள் வீட்டு விளக்கில் விலகிப் போய்விடலாம். எங்கள் வெளிச்சப் பெட்டியில் விளக்குகளை மாற்றிப் பார்த்ததே இதைப் பிடிப்பதற்காகத்தான். அட்டை எந்த நிறுவனத்துடையதோ அதே நிறுவனச் சாயம், நீங்கள் சோதித்த அதே பளபளப்பு. மினுமினுப்புச் சாயத்தில் அதே நிறம் சற்று அடர்ந்து தெரியும், ஆகவே மங்கல் பூச்சில் சோதித்துவிட்டு மினுமினுப்பில் வாங்கக் கூடாது. புதுச் சுவர் என்பதால் முதலில் சீலர் என்ற காப்பு அடிப்பூச்சு ஒன்று கட்டாயம். புதிய சிமெண்டுப் பூச்சின் காரம் சில நிறமிகளைத் திட்டுத் திட்டாக வெளுக்கச் செய்துவிடும்.

என் முடிவைக் கேட்டால், சொல்லிய விவரங்களை மட்டும் வைத்து, சாம்பல் கலந்த பச்சை, மங்கல் பூச்சு, 4000 கெல்வின் விளக்கு. அட்டைச் சோதனையில் மாலை வெயிலில் அது மஞ்சளாகிப் பழையதுபோலத் தெரிந்தால் மட்டும் கணவரின் புதினாவுக்கு மாறுங்கள், அப்போதும் 6500 கெல்வின் விளக்கை மட்டும் மாற்றிவிடுங்கள். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம், கதவு சன்னலைக் கழித்தால் சுவர் ஏறக்குறைய 27 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டர் பத்திலிருந்து பன்னிரண்டு சதுர மீட்டர் பிடிக்கும் என்று கொண்டால், இரண்டு பூச்சுக்கு ஐந்து லிட்டர் சற்று இழுபறியாக இருக்கும். கூடுதலாக ஒரு லிட்டரையும் அதே நாளில் அதே கடையில் கலந்து வாங்கி, பூசுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். வெளிர் நிறங்களில் சேர்க்கும் நிறமி மிகச் சில துளிகள்தான், ஒரு துளி கூடினாலோ குறைந்தாலோ அடுத்த டின் காட்டிக்கொடுத்துவிடும். மிஞ்சியதை மூடி இறுக்கி, நிற எண்ணையும் வாங்கிய தேதியையும் மூடிமேல் எழுதி வையுங்கள். மாமியாரின் கட்டில் தலைமாடு உராயும் இடத்தில் அடுத்த ஆண்டு அது தேவைப்படும்.